டெல்வினுக்குப் போகாத பந்து

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கண்ணே. எனக்கு இந்த ஓரம்தான் வசதி. இடது காலை நீட்டி வெச்சுக்கணும். மடக்கியே வெச்சிருந்தா தாராபுரத்துல இறங்கும்போது நிக்க வராது. வர்றவன் போறவன் எல்லாம் மிதிப்பான், மிதிக்கட்டும்.

நீங்க கோயம்புத்தூர் வரைக்குமா? சரி சரி. நான் தாராபுரம் பக்கத்துல ஒரு வாலிபால் கிளப்புக்குப் போறேன். அவங்க செட்டருக்குக் கல்யாணமாம். போட்டி நடக்கிற வாரத்துலயே முகூர்த்தம் வெச்சுட்டாங்களாம். அதனால இந்த ஒரு வாரத்துக்கு நான். ஆமாண்ணே, ஆடத்தான் போறேன். முப்பத்தேழு வயசாச்சு, தெரியும்.

வாலிபால் பாப்பீங்களா? பாக்க மாட்டீங்களா. அதுவும் நல்லதுதான். பாக்கிறவங்ககிட்ட சொல்ல ஆரம்பிச்சா, பாதியிலயே அவங்க எனக்கு ஆட்டம் சொல்லிக்குடுப்பாங்க.

ஒண்ணும் பெரிய விஷயமில்ல. பந்து நம்ம பக்கம் வந்தா மூணு கைக்குள்ள திருப்பி அனுப்பணும். முதல்ல ஒருத்தன் எடுப்பான். மூணாவது ஒருத்தன் எகிறி அடிப்பான். நடுவுல, ரெண்டாவதா, பந்தை அந்தரத்துல தூக்கி வைக்கிறான் பாருங்க, அவன்தான் செட்டர். அடிச்சவனுக்குக் கைத்தட்டு. எடுத்தவனுக்கும் கொஞ்சம் கிடைக்கும், விழுந்து புரண்டு எடுத்தான்னா. நடுவுல இருக்கிறவனை யாரு பாக்குறா? பேப்பர்ல வர்ற போட்டோவுல எங்க முதுகுதான் இருக்கும். எங்கம்மா என் முதுகை வெச்சே கண்டுபிடிக்கப் பழகிட்டா.

ஆனா ஒண்ணுண்ணே. யாரு அடிக்கணும்னு முடிவு பண்றவன் நான். கோச்சு இல்ல, கேப்டன் இல்ல. பந்து என் விரல்ல வந்து உக்காந்து கிளம்புற நேரத்துக்குள்ள முடிவு பண்ணணும். சரியா வந்தா அடிச்சவன் பேரு. தப்பா வந்தா என் பேரு. அவ்வளவுதான் செட்டர் பொழப்பு.

எங்க ஊரு கோவில்பட்டி பக்கம். ஊரு ஊரா ஆடப் போய் எங்க ஊர்ப் பேச்சே எனக்கு மறந்துபோச்சு, கவனிச்சிருப்பீங்க. பத்தாவது படிக்கும்போது ஸ்கூல்லயே நான்தான் உயரம். அடிக்கிற ஆளாத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம் மத்த எல்லாரும் வளந்தாங்க, நான் நின்னுட்டேன். ப்ளஸ் டூவுல பி.டி. சார், சாமுவேல்துரைன்னு பேரு, கூப்பிட்டு, "தவமணி, உயரம் உனக்கு அவ்வளவுதாம்ப்பா. ஆனா கை மெத்துன்னு இருக்கு. நீ பந்து வைக்கப் பழகிக்கோ"ன்னார். நல்ல மனசுலதான் சொன்னார். வீட்டுக்குப் போய் அழுதேன்.

மூணு காலேஜுண்ணே எனக்கு. படிச்சேன்னு சொல்லக்கூடாது, ஆடினேன்னு சொல்லணும். முதல் காலேஜுல எனக்கு முன்னாடி ஒரு சீனியர் இருந்தான். அவன் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தேன். அவன் போனதும் நம்ம முறைன்னு பாத்தா, கேரளாவுல இருந்து என்னைவிட ஒரு ஜாண் உயரமா ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ரெண்டாவது காலேஜுல நான் சேர்ந்த வருஷமே வாலிபாலை நிறுத்திட்டுக் கிரிக்கெட்டுன்னுட்டாங்க. மூணாவது சென்னையில ஒரு இன்ஜினியரிங் காலேஜ். எனக்கும் இன்ஜினியரிங்குக்கும் என்ன சம்பந்தம்? ஸ்போர்ட்ஸ் கோட்டா. அங்கதான் டெல்வின்.

டெல்வின்னா திருச்செந்தூர் தாண்டி, கடற்கரைக்காரன். அவங்க அப்பா மீன்பிடி போட்டு வெச்சிருந்தாரு. ஆள் ஆறு அடி நாலு அங்குலம். எகிறுனான்னா நெட்டுக்கு மேல நெஞ்சு தெரியும். அவன் அடிச்ச பந்து தரையில பட்டுத் திரும்பி மேல ஏறி லைட்டுல படும். ஹாஸ்டல்ல ஒரே ரூமு. முதல் நாள் பிராக்டீஸ்ல ஒரு பந்து வெச்சேன், அடிச்சான். ரெண்டாவது வெச்சேன், அடிச்சான். நின்னு என்னைத் திரும்பிப் பாத்தான். "லே, உன் பந்து நிக்குதுலே"ன்னான்.

நிக்குதுன்னா புரியுதாண்ணே? அந்தரத்துல ஒரு பந்து எப்படி நிக்கும், நிக்காது. ஆனா அடிக்கிறவனுக்கு அப்படித் தோணும். அவனுக்காக அது அங்க காத்துட்டு இருக்கிற மாதிரி. அவன் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது, என் பந்து நிக்கும்னு.

யுனிவர்சிட்டி போட்டியில ஜெயிச்சோம். பேப்பர்ல அவன் படம். சந்தோஷம்தான். எனக்கு அதுல வருத்தமே கிடையாது. நிறையப் பேர் நினைக்கிறாங்க எனக்கு அவன் மேல பொறாமைன்னு. பொறாமை இருந்தா பன்னெண்டு வருஷம் அவனுக்குப் பந்து வெச்சிருப்பேனா?

காலேஜு முடிஞ்சு அவனை ஒரு கம்பெனி டீம்ல எடுத்தாங்க, நிரந்தர வேலையோட. ஒரு மாசம் கழிச்சு என்னையும் கூப்பிட்டாங்க, கான்ட்ராக்டுல. வருஷா வருஷம் இந்தத் தடவை நிறுத்திருவாங்கன்னு நினைப்பேன், கடைசி நேரத்துல நீட்டிப்பாங்க. பிறகுதான் கேள்விப்பட்டேன், ஒவ்வொரு வருஷமும் டெல்வின் போய் மேனேஜர்கிட்ட நின்னிருக்கான். "தவமணி இல்லன்னா நான் பாதி ஆட்டக்காரன் சார்"னானாம். எல்லாரும் என்கிட்ட வந்து, "எவ்வளவு பெரிய மனசு பாத்தியா"ன்னாங்க. என்ன பெரிய மனசு? அவனுக்கு என் பந்து வேணும். நான் வேண்டாம், பந்து வேணும். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கில்லண்ணே?

அந்த டீமைக் கலைச்சாங்க. அப்புறம் அவன் மாலத்தீவுல ஒரு சீசன் ஆடப் போனான். போன ரெண்டாவது வாரம் எனக்குப் போன் வருது, டிக்கெட்டு வருது. காலையிலயும் மீனு, ராத்திரியிலயும் மீனு. அப்புறம் ஹைதராபாத். அப்புறம் இன்னொரு கம்பெனி. அவன் பெட்டியைத் தூக்கினா பின்னாடியே நானும் தூக்குவேன். கல்யாணம் ஆன புதுசுல செண்பகம், என் சம்சாரம், கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா, கேட்டா, "நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"ன்னு. "வாலிபால்னு சொல்லு"ன்னேன். "எந்த டீம்னு கேப்பாங்களே"ன்னா.

ஒரே ஒரு தடவை அவன் இல்லாம போனேன். குஜராத் பக்கம் ஒரு டீம். நானே பேசி, நானே போனேன். இனி நம்ம சொந்தக் கால்ல நிப்போம்னு. அங்க ஒரு செட்டுகூட ஆடவிடல. சீசன் முழுக்கத் துண்டைத் தோள்ல போட்டுட்டு உக்காந்திருந்தேன். பாஷை பிரச்சினைண்ணே, வேற ஒண்ணுமில்ல. எனக்கு இந்தி வராது. செண்பகம் ஒரு மாதிரி சொன்னா, "அங்க உங்களுக்காகப் பேச ஆள் இல்ல"ன்னு. அவளுக்கு வாலிபால் தெரியாது.

அந்தச் சத்தம் ஒண்ணுமில்ல, ஒட்டன்சத்திரம் வரப்போகுது, காய்கறி லாரி. இறங்கி டீ குடிக்கிறீங்களா? நான் இறங்கல. ஏறி இறங்குறது பெரும்பாடு.

சரி, லீக் விஷயத்துக்கு வர்றேன். அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன்.

நாலு வருஷம் முன்னாடி ஒரு புது லீக் நடத்தினாங்க. டிவியில வந்துச்சு. ஊர்ப் பேர் வெச்ச டீமு, கலர் கலரா சட்டை, பாட்டு, புகை. டெல்வின்தான் எங்க டீமுக்குக் கேப்டன். என்னை ரெண்டாவது செட்டரா எடுத்தாங்க. முதல் செட்டர் ஒரு வெளிநாட்டுக்காரன், செர்பியாவாம். நல்ல ஆட்டக்காரன், குறை சொல்ல மாட்டேன். அவன் ஆடினான், நான் உக்காந்திருந்தேன். நடுவுல எப்பவாவது சர்வீஸ் போட மட்டும் விடுவாங்க. போட்டுட்டு வந்து உக்காருவேன். முப்பத்துமூணு வயசுல அது ஒரு வேலையாண்ணே? டிவியில பாத்துட்டு எங்கம்மா கேப்பா, "ஏய்யா, உனக்கு உடம்பு சரியில்லையா, உக்காந்தே இருக்க?"ன்னு.

செமி ஃபைனல். ரெண்டாவது செட்டுல அந்த வெளிநாட்டுக்காரன் எதிராளி கால் மேல கால் வெச்சு இறங்கிட்டான். கணுக்கால் அப்படியே திரும்பிருச்சு. தூக்கிட்டுப் போறாங்க. கோச்சு திரும்பிப் பெஞ்சைப் பாக்குறாரு. பெஞ்சுல செட்டர்னு நான் ஒருத்தன்தான். வேற யாரையாவது பாக்கிற மாதிரியேதான் என்னைப் பாத்தாரு.

உள்ள போறேன். டெல்வின் பக்கத்துல வந்து என் கழுத்தைப் பிடிச்சு நெத்தியோட நெத்தி முட்டி, "லே, பழைய மாதிரி"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்த செட்டு போயிருச்சு. ரெண்டு செட்டு பின்னாடி இருக்கோம். இன்னும் ஒண்ணு போனா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூணாவது செட்டுல இருந்துண்ணே, நான் எப்படிச் சொல்ல. ஒரு சீசன் முழுக்க உக்காந்திருந்த கை. ஆனா என்னமோ தெரியல, பந்து வந்து விரல்ல உக்காருது, எங்க போகணும்னு அதுவே சொல்லுது. எதிர்ல தடுக்க நிக்கிறவனுங்க வலப்பக்கம் ஓடுவானுங்க, பந்து இடப்பக்கம் போயிருக்கும். மூணாவது செட்டு ஜெயிச்சோம். நாலாவது ஜெயிச்சோம். டிவியில பேசுறவர் என் பேரைச் சொன்னாராம். பத்துத் தடவைக்கு மேல சொன்னாராம். செண்பகம் வார்டுல நின்னுட்டே போன்ல பாத்திருக்கா. நோயாளிங்க எல்லாம் சுத்தி நின்னுட்டாங்களாம்.

அஞ்சாவது செட்டு சின்னது, பதினஞ்சு பாயின்ட்டுதான். நடுவுல ஒரு டைம் அவுட்டு. எல்லாரும் சுத்தி நின்னு தண்ணி குடிக்கிறோம். டெல்வின் பாட்டிலை எடுத்தான். இடது கையால எடுத்தான். நான் அவனோட ரூம்ல இருந்தவன். அவன் பல்லு விளக்குறது, சோறு தின்கிறது, சட்டை மாட்டுறது எல்லாம் எனக்குத் தெரியும். அவன் இடது கையால ஒரு டம்ளரைக்கூடத் தூக்கி நான் பாத்தது கிடையாது.

"என்னலே?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல."

"தோளா?"

"ஒண்ணுமில்லங்கேன்ல."

வலது கை தொங்குது. மத்தவங்களுக்கு அது தொங்குற மாதிரி தெரியாது, சும்மா விட்டிருக்கான்னு இருக்கும். எனக்குத் தெரியும். நாலாவது செட்டுல கடைசியா அடிச்சானே, அதுலயே ஏதோ பிஞ்சிருக்கு. கோச்சுக்குச் சொல்லல. சொன்னா வெளியே எடுத்துருவாரு. கேப்டனை வெளியே எடுத்தா மத்தவனுங்க விழுந்துருவானுங்க. நானும் சொல்லல.

பதிமூணு பதினாலு. நாங்க பதிமூணு. அவங்களுக்கு ஒரு பாயின்ட்டு போதும். அவங்க சர்வீஸ். நம்ம ஆளு அருமையா எடுத்தான், பந்து பூ மாதிரி என்கிட்ட வருது. அந்த மாதிரிப் பந்து வந்தா யாருக்கு வேணும்னாலும் வைக்கலாம். டெல்வின் ஓடி வர்றான், "தாலே, தாலே"ன்னு கத்துறான், கையைத் தூக்கிட்டு. ஸ்டேடியமே அவன் பேரைக் கத்துது.

நான் மிடிலுக்கு வெச்சேன். மோஹித்துன்னு ஹரியானாக்காரன், நல்லா ஆடிட்டு இருந்தான். கணக்கு சரிதான். தடுக்கிறவங்க மூணு பேரும் டெல்வின் பக்கம் போயாச்சு, நடுவுல வாசலைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. மோஹித் ஒரு மயிரிழை லேட்டா எகிறினான். பந்து நெட்டு மேல பட்டுச்சு. கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்திருந்துச்சு. அப்புறம் நம்ம பக்கம் விழுந்துச்சு.

அவ்வளவுதான். முடிஞ்சது.

நான் தரையில உக்காந்துட்டேன். டெல்வின் பக்கத்துல வந்து நின்னான். கை குடுத்துத் தூக்கிவிடுவான்னு நினைச்சேன். நின்னான், பாத்தான், போயிட்டான்.

அதோட விட்டானுங்களா? அந்தக் கடைசிப் பந்தை மட்டும் வெட்டிப் போன்ல சுத்தவிட்டானுங்க. டெல்வின் கை தூக்கிட்டு வர்றான், நான் திரும்பி வேற எங்கயோ வைக்கிறேன். "செட்டருக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு கீழ எழுதிட்டானுங்க. நான் வெச்ச நல்ல பந்துங்க எதையும் எவனும் வெட்டலண்ணே. எங்க தெருவுல பால் ஊத்துறவர்கூடக் கேட்டார், "ஏன் தம்பி அவருக்குக் குடுக்கல?"ன்னு. எல்லாரும் பாத்தாங்க, அவன் கை தூக்கினான்னு. எந்தக் கைன்னு எவனும் பாக்கல. இடது கைண்ணே. அவனால வலது கையைத் தூக்க முடியல.

நான் அதை யார்கிட்டயும் சொல்லல. அவன் சொல்லியிருக்கணும். மறுநாள் மைக்கை நீட்டினாங்க அவன்கிட்ட. "கடைசிப் பந்து உங்களுக்கு வந்திருக்கணும்ல?"ன்னு கேட்டாங்க. "தவமணி செஞ்சது சரி, எனக்குத் தோள் போயிருச்சு"ன்னு ஒரு வார்த்தை. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "டீம் தோத்துச்சு"ன்னான். மூஞ்சியைத் திருப்பிட்டுப் போயிட்டான். எனக்கு இருக்கிறது இந்த ஒரு வருத்தம்தான். வேற எந்த வருத்தமும் எனக்கு அவன் மேல கிடையாது.

அதுக்கப்புறம் அவன் ஆடவே இல்ல. ஆபரேஷன் பண்ணினாங்க, சரியா வரல. எனக்கும் அதோட போன் வர்றது நின்னுபோச்சு. ஒரு டீமும் கூப்பிடல. எல்லாம் அந்தப் பந்து பண்ணின வேலை. எவன் கூப்பிடுவான், கண்ணு தெரியாத செட்டரை? செண்பகம் என்ன சொல்றான்னா, "அவரு ஆட்டத்தை விட்டாரு, உங்களைக் கூப்பிடுறது நின்னுபோச்சு. அவரு சொல்லித்தானே எல்லாரும் கூப்பிட்டாங்க?"ங்கிறா. ரெண்டும் ஒரே சமயத்துல நடந்ததுன்னா அதுவும் இதுவும் ஒண்ணாயிருமா? சொன்னேன்ல, அவளுக்கு வாலிபால் தெரியாது.

இப்ப ஒரு தனியார் ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருக்கேன். பரவால்ல. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க.

பொங்கல் கழிஞ்சு ஒரு சனிக்கிழமை. ஸ்கூல் லீவு. நான் மட்டும் கிரவுண்டுல நெட்டுக் கட்டிட்டு இருக்கேன். கேட்டுகிட்ட ஒரு கார் வந்து நிக்குது. டெல்வின் இறங்குறான். நாலு வருஷம் கழிச்சு. தொப்பை போட்டிருந்தான். வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுல விட்டிருந்தான். என்னடா இது ஸ்டைலான்னு பாத்தா, அப்படி வெச்சுக்கிட்டாத்தான் தோள் வலிக்காதாம்.

"எப்படிலே இருக்க?"ன்னான்.

"இருக்கேன்."

கிரவுண்டைச் சுத்திப் பாத்தான். பந்தை எடுத்தான், இடது கையால. "ஒரு பந்து வைலே"ன்னான்.

"எதுக்கு?"

"வைன்னா வை."

வெச்சேன். என்ன பண்றது, பன்னெண்டு வருஷப் பழக்கம். பந்து மேல போச்சு. அவன் ரெண்டு எட்டு எடுத்து வெச்சு எகிறினான். கனத்த உடம்பு, பாதிதான் எழும்பினான். இடது கையை வீசினான். பந்து நெட்டுல பட்டு அவன் காலடியிலயே விழுந்துச்சு. சிரிப்பான்னு நினைச்சேன். சிரிக்கல. "இன்னொண்ணு"ன்னான். வெச்சேன். அதுவும் நெட்டு. இன்னொண்ணு. எத்தனைன்னு தெரியல. வேர்த்து ஊத்துது அவனுக்கு. ஒண்ணே ஒண்ணு நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் பொத்துன்னு விழுந்துச்சு. ஒரு குழந்தைகூட எடுத்துரும் அந்தப் பந்தை. அதைப் பாத்துட்டே நின்னான்.

"அன்னிக்கு எனக்குத் தந்திருக்கணும்லே"ன்னான்.

நாலு வருஷம் அடக்கி வெச்சிருந்ததை எல்லாம் கொட்டிட்டேண்ணே. "உன் தோளு போயிருந்துச்சு. நான் பாத்தேன். உனக்கு வெச்சிருந்தா அத்தனை பேர் முன்னாடியும் நீ அசிங்கப்பட்டிருப்ப. உன்னைக் காப்பாத்தத்தான் அந்தப் பக்கம் வெச்சேன். அதுக்கு ஊரு பூரா என்னைக் காறித் துப்புச்சு. நீ ஒரு வார்த்தை பேசல"ன்னேன்.

"தோளு போனது எனக்குத் தெரியாதா? இனி ஆட மாட்டேன்னும் தெரியும்லே. அதான் கடைசிப் பந்து. அதைத்தான் கேட்டேன்."

"எப்படி அடிச்சிருப்ப?"

"அடிச்சிருப்பேன். இல்லன்னா விட்டிருப்பேன். விட்டாலும் அது நான் விட்டது. என்னைக் காப்பாத்தச் சொல்லி உன்கிட்ட யாருலே கேட்டா?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "எனக்காகப் பேசச் சொல்லி நான் கேட்டேனா? ஒவ்வொரு டீம்லயும் போய், தவமணி வேணும் தவமணி வேணும்னு நின்னியே. நான் கேட்டேனா உன்கிட்ட?"

அவன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "நீ கேக்கவே மாட்டலே. அதான் நான் கேட்டேன்"ன்னான்.

பாத்தீங்களாண்ணே திமிரை? செஞ்சதைச் சொல்லிக் காட்டுறான். நான் சொன்னேன், "டெல்வின், இனிமே என் பேரை எவன்கிட்டயும் எடுக்காத. உன் தயவுல நான் ஆடினது போதும். யாராவது கூப்பிட்டா என் ஆட்டத்துக்குக் கூப்பிடட்டும். இல்லன்னா பிள்ளைங்களுக்கு டிரில் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் கிடந்த பந்தை எடுத்துட்டு வந்து என்கிட்டக் குடுத்தான். அப்புறம், "சரிலே"ன்னான்.

வீட்டுக்கு வந்தான். செண்பகம் டீ போட்டுக் குடுத்தா. எங்கம்மாகிட்ட உக்காந்து பேசினான். அம்மா அவன் தோளைத் தடவித் தடவிப் பாத்தா. என்கிட்ட முகம் குடுத்துப் பேசல, நானும் பேசல. கார்ல ஏறும்போது செண்பகத்துகிட்ட ஏதோ சொன்னான். என்னன்னு கேட்டேன். "முட்டிக்கு ஐஸ் வைக்கிறாரான்னு கேட்டாரு"ன்னா. இவனுக்கு என்ன அக்கறை என் முட்டி மேல?

ஆனா அன்னிக்கு அப்படிப் பேசினது நல்லதாப் போச்சுண்ணே. மனசு லேசாச்சு. போன வாரம் இந்தத் தாராபுரத்துக்காரங்க போன் பண்றாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க. கிளப் செக்ரெட்டரியாம், ரொம்ப மரியாதையாப் பேசினாரு. "நீங்க வந்தாத்தானுங்க எங்க டீமு நிக்கும்"னாரு. எனக்கு முதல்ல கேக்கணும்னு தோணினது ஒண்ணுதான். "யாரு சொல்லி எனக்குப் பேசுறீங்க?"ன்னு கேட்டேன். "யாருஞ் சொல்லலீங்க, உங்க ஆட்டத்தைப் பாத்திருக்கோமுங்க"ன்னாரு. பட்டுன்னு சொன்னாரு, நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள.

அப்படிக் கூப்பிட்டு நான் போற முதல் டீம் இதுதான். எனக்கு அது போதும். ஜெயிக்கிறோமோ தோக்குறோமோ, டெல்வின் பேரு இல்லாம, தவமணின்னு கூப்பிட்டிருக்காங்க.

எவ்வளவு விசாரிச்சு வெச்சிருக்காங்க தெரியுமா என்னைப் பத்தி? அதான் எனக்கே ஆச்சரியம். தங்குறதுக்குக் கீழ் ரூமாப் போட்டிருக்காங்களாம், மாடி ஏற வேண்டாம்னு. முட்டிக்கு ஐஸ் பெட்டி தயாரா இருக்குமாம். எனக்குக் கத்தரிக்காய் ஆகாதுண்ணே, தின்னா உடம்பெல்லாம் தடிச்சுரும். ஹாஸ்டல் நாள்லயிருந்து. வெளியில யாருக்கும் தெரியாது அது. "சமையக்காரர்கிட்டச் சொல்லிட்டமுங்க, சாம்பார்ல கத்தரிக்காய் வராதுங்க"ன்னாரு செக்ரெட்டரி. ஒரு கிளப்புன்னா இப்படி இருக்கணும்.

போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன். செண்பகம் யூனிஃபார்மோட பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தா. வெச்சதும் என் முகத்தையே பாத்துட்டு நின்னா. "என்ன?"ன்னேன். பீரோவைத் திறந்து என் சாக்ஸை எல்லாம் எடுத்து மடிச்சுப் பைக்குள்ள வெச்சா.

"ஒண்ணுமில்ல. நல்லா ஆடிட்டு வாங்க"ன்னா.

தாராபுரம் வந்துருச்சு போலிருக்கு. வரேண்ணே.